ஒரு டாலர் ஒப்பந்தமும் ஓர் இரவின் இசையும்

கவியரங்க மேடைகளில் நெடுங்காலம் நின்றவர்கள் அறிந்த துன்பம் ஒன்றுண்டு. இளமையில் பாடிய கவிதை ஒன்று பெருங்கைதட்டலைப் பெற்றுவிடும். பின்பு எந்த ஊருக்குச் சென்றாலும் அதனையே பாடுமாறு அவையோர் கேட்பர். கவிஞனின் உள்ளம் அக்கவிதையை விட்டு எத்தனையோ காதம் கடந்து வந்திருக்கும். அவையோ அவனைப் பழைய இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கும். அவைக்குப் பணிவதா, தன் வளர்ச்சிக்குப் பணிவதா என்னும் வினா கவிஞர்க்கு மட்டும் உரியதன்று. கலைஞர் அனைவர்க்கும் உரியது. இவ்வினாவோடு போராடி, 27 வயதிலேயே மறைந்த ஓர் இசைக்கலைஞரின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக நம் வட்டத்தார்முன் வைக்க விழைகிறேன். அவர் அமெரிக்கக் கறுப்பினத்தைச் சேர்ந்த கிதார்க் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். எரியும் கிதாரோடு அவரை நினைவிற் கொள்வோர் பலர். ஆயின், ஒரு கடனைத் தீர்ப்பதற்காக மேடையில் வாசித்து அவர் பதிவு செய்து கொடுத்த இசைத்தட்டே அவரை முழுமையாகக் காட்டுகிறது என்பது என் கருத்து.

பிறப்பும் இளமையும்

ஹென்ட்ரிக்ஸ் 1942ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். தாய் லூசிலுக்கு அப்போது வயது 17. தந்தை ஆல் ஹென்ட்ரிக்ஸ் இரண்டாம் உலகப் போரின் பொருட்டுப் படையில் இருந்தார். தாய் இட்ட பெயர் ஜானி ஆலன். போர் முடிந்து திரும்பிய தந்தை, 1946இல் அதனை ஜேம்ஸ் மார்ஷல் என மாற்றினார். ஜிமி என உலகம் அறிந்த பெயர் இருபது ஆண்டுகள் கழித்து வந்தது. பெயர்கூட நிலைத்து நில்லாத பிள்ளைமை அவருடையது.

பெற்றோரிடையே வறுமையும் மதுவும் பூசலும் குடிபுகுந்தன. 1951இல் அவர்கள் மணமுறிவு பெற்றனர். உடன்பிறந்தோருள் சிலர் பிறர் வீடுகளில் வளர்ந்தனர். 1958இல் தாய் மறைந்தார். இசைக்கருவி வாங்க வழியற்ற அச்சிறுவன் துடைப்பத்தையே கிதாராகப் பாவித்து மீட்டிக்கொண்டிருந்தான். தந்தையோடு பழம்பொருள்களை அப்புறப்படுத்தும் வேலைக்குச் சென்றபோது, குப்பையில் ஒற்றைத் தந்தி மட்டும் எஞ்சிய உகுலேலே என்னும் சிறு நரம்புக்கருவி ஒன்று கிடைத்தது. அந்த ஒற்றைத் தந்தியில் கேட்ட பாடல்களையெல்லாம் வாசிக்கப் பழகினான். தாய் மறைந்த அதே ஆண்டில் 5 டாலருக்கு ஒரு பழைய கிதார் வந்து சேர்ந்தது. மறு ஆண்டில் தந்தை மின்கிதார் ஒன்று வாங்கித் தந்தார்.

அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். இடக்கையர்க்கென்று செய்யப்பட்ட கிதார் எளிதிற் கிட்டாது. எனவே வலக்கையர் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். பிற்காலத்தில் பெருஞ்செல்வம் வந்தபோதும் அப்பழக்கத்தை அவர் விடவில்லை.

படைவாழ்வும் ஒரு நட்பும்

1961இல் களவாடப்பட்ட கார்களில் சென்றதற்காக இருமுறை பிடிபட்டார். சிறையா, படையா என்ற நிலையில் படையைத் தேர்ந்தார். கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் கேம்பல் முகாமில், வானிலிருந்து குடையோடு குதிக்கும் 101ஆம் வான்படைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். அங்கே வீரர்களுக்கான பொழுதுபோக்கு மன்றத்தில் அவர் கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஓசை வெளியே சென்ற மற்றொரு வீரரை உள்ளே இழுத்தது. அவர் பேஸ் கிதார் எனப்படும் தாழ்சுரக் கிதாரை வாசிப்பவர். பெயர் பில்லி காக்ஸ். அன்று தொடங்கிய நட்பு இறுதிவரை நீடித்தது.

படை ஒழுங்கு ஹென்ட்ரிக்ஸுக்கு ஒவ்வவில்லை. 1962இல் படைக்கு ஏற்றவர் அல்லர் என விடுவிக்கப்பட்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1965இல், அதே 101ஆம் பிரிவின் படையணி வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டது. தம்மோடு பயிற்சி பெற்ற பிரிவினர் களத்தில் இருக்க, தாம் மேடையில் இருந்தார் ஹென்ட்ரிக்ஸ். பின்னர் அவர் போரைப் பற்றிப் பாடியதை உணர்ந்துகொள்ள இச்செய்தி மிக இன்றியமையாதது.

பாணர் வாழ்க்கை

அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிறவேற்றுமை கோலோச்சிய காலம் அது. கறுப்பினக் கலைஞர்கள் வாசிக்கக்கூடிய அரங்குகளும் விடுதிகளும் ஊர்தோறும் ஒரு சங்கிலிபோல் அமைந்திருந்தன. சிட்லின் சர்க்யூட் என்று அதனைக் குறிப்பர். ஹென்ட்ரிக்ஸும் காக்ஸும் நாஷ்வில் நகரில் குழு அமைத்து அவ்வழியில் உழைத்தனர். பின்பு ஹென்ட்ரிக்ஸ் தனித்துப் புறப்பட்டு, ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் முதலிய புகழ்பெற்றோரின் பக்கவாத்தியக்காரராக ஊர் ஊராகச் சுற்றினார்.

நம் ஆற்றுப்படை நூல்களைப் பயின்றோர்க்கு இக்காட்சி புதிதன்று. யாழைத் தோளில் சுமந்து, பசித்த சுற்றத்தோடு வழிநடந்த பாணரின் வாழ்வே இது. ஒரு வேறுபாடு உண்டு. பாணன் தன் யாழைத் தன் விருப்பப்படி மீட்டினான். பக்கவாத்தியக்காரரோ ஒரே நிற உடை உடுத்து, ஒரே அசைவு அசைந்து, தலைவரை விஞ்சாமல் நிற்றல் வேண்டும். ஹென்ட்ரிக்ஸால் அவ்வாறு நிற்க இயலவில்லை. ஒரு குழுவில் நெடுநாள் நிலைக்கவும் இயலவில்லை.

ஒரு டாலர்

1965ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நகரில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தபோது, எட் சால்பின் என்னும் இசைப்பதிவாளரின் நிறுவனத்தோடு ஹென்ட்ரிக்ஸ் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மூன்றாண்டுகள் அந்நிறுவனத்துக்கே வாசித்தல் வேண்டும். ஈடாக முன்பணம் 1 டாலரும், விற்பனையில் நூற்றுக்கு 1 பங்கும் பெறலாம்.

தம்மை நேரிற் காணாது அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனாரைப் புறநானூற்றில் காண்கிறோம். பசித்தும் பரிசிலை மறுக்கும் அத்துணிவு எல்லார்க்கும் எல்லாக் காலத்தும் வாய்ப்பதில்லை. 22 வயது இளைஞர், அடுத்த வேளை உணவை எண்ணிக் கையெழுத்திட்டார். கையெழுத்திட்டதை மறந்தும் போனார். ஒப்பந்தம் அவரை மறக்கவில்லை.

லண்டனும் தீயும்

1966இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் கஃபே வா என்னும் சிறு விடுதியில் சொந்தக் குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே அவரைக் கேட்ட சாஸ் சாண்ட்லர் என்னும் ஆங்கிலேய இசைக்கலைஞர் அவ்வாண்டு செப்டம்பரில் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் என்னும் இரு ஆங்கிலேயரோடு எக்ஸ்பீரியன்ஸ் என்னும் குழு அமைந்தது. சில திங்களில் லண்டன் இசையுலகம் அவர் வயப்பட்டது.

1967ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், கலிபோர்னியாவின் மான்டரே இசைவிழாவில், வாசித்து முடித்த கிதாரை மேடையில் கிடத்தித் தீயிட்டார். அப்படம் உலகெங்கும் பரவியது. மூன்று இசைத்தட்டுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. 1968இல் வெளிவந்த எலெக்ட்ரிக் லேடிலேண்ட் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அந்தத் தீயே அவருக்குத் தளையாயிற்று. பற்களால் தந்தியை மீட்டுவதும், கிதாரை முதுகுப்புறம் வைத்து வாசிப்பதும், உடைப்பதும், எரிப்பதும் கண்டு களிக்கவே பெருங்கூட்டம் வந்தது. அவரோ புதிய இசை வடிவங்களைத் தேடிக்கொண்டிருந்தார். 1969ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எக்ஸ்பீரியன்ஸ் குழு கலைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவின் இறுதியில், பில்லி காக்ஸும் உடனிருக்க, அமெரிக்க நாட்டுப்பண்ணைக் கிதாரில் குண்டுவீச்சின் ஒலிகளோடு வாசித்தார். அடுத்த திங்களில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் தெருவொன்றில் இலவசமாக வாசித்தார். தம் மக்களிடம் தம் இசை சென்று சேரவில்லை என்னும் ஏக்கம் அவருக்கு இருந்தது.

கடன்

அவர் புகழ் பெற்றவுடன் எட் சால்பின் பழைய ஒப்பந்தத்தோடு வழக்குத் தொடுத்தார். 1968இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஹென்ட்ரிக்ஸின் இசைத்தட்டு ஒன்று, அவருடைய வழக்கமான நிறுவனமான ரிப்ரைஸுக்கு அன்றி, கேபிடல் நிறுவனத்துக்கு அளிக்கப்படல் வேண்டும். பதிவுக்கூடத்தில் அவர் எளிதில் நிறைவுறாதவர்; ஒரே பாடலைப் பன்முறை பதிவு செய்து பன்முறை கலைப்பவர். ஆதலின் மேடையில் வாசித்ததையே பதிவு செய்து கடனைத் தீர்ப்பதென முடிவாயிற்று.

அதற்கெனப் பழைய படைத்தோழர் பில்லி காக்ஸும், ஒமாஹா நகரைச் சேர்ந்த பட்டி மைல்ஸ் என்னும் டிரம் கலைஞரும் இணைந்தனர். மூவரும் கறுப்பினத்தவர். குழுவுக்கு இட்ட பெயர் பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ். நாடோடிகளின் குழு என்பது அதன் பொருள். 1969 டிசம்பரில் நியூயார்க்கில் ஒத்திகை நடைபெற்றது.

ராக் இசையில் கிதார் முன்னே பாயும், தாளம் பின்தொடரும். 1960களின் இடைப்பகுதியில் ஜேம்ஸ் பிரவுன் முதலியோர் வளர்த்தெடுத்த ஃபங்க் இசையில் முறை வேறு. தாளத்தின் முதலடி, நம் இசைமரபில் சமம் எனப்படுவது, ஆணியடித்தாற்போல் அழுத்தம் பெறும். தாழ்சுரக் கிதாரும் டிரம்மும் ஒரு சிறு சுரக்கோவையை மீண்டும் மீண்டும் சுழற்றும்; அச்சுழற்சியே பாடலைத் தாங்கும். காக்ஸும் மைல்ஸும் அத்தகைய அசையாத் தரையை அமைத்துக் கொடுத்தனர். அதன்மேல் ஹென்ட்ரிக்ஸின் ராக் கிதார் விரும்பிய திசையெல்லாம் பறந்தது. பின்னர் ஃபங்க் ராக் எனப் பெயர்பெற்ற இசைவகையின் தலையாய முன்னோடிகளுள் ஒன்றாக இக்குழுவின் இசைத்தட்டு கருதப்படுவது இதனாலேயே ஆகும்.

புத்தாண்டு இரவு

நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், பழைய திரையரங்கு ஒன்றில் பில் கிரகாம் நடத்திவந்த ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஏறத்தாழ 2600 பேர் அமரலாம். அங்கே 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1 ஆகிய இரு நாள்களிலும் நாளுக்கு இரண்டாக நான்கு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. இசைத்தட்டில் இடம்பெற்ற ஆறு பாடல்களும் இரண்டாம் நாளில் வாசிக்கப்பட்டவை. அவற்றுள் இரண்டு பட்டி மைல்ஸ் இயற்றியவை. ஏனைய நான்கும் ஹென்ட்ரிக்ஸ் இயற்றியவை.

அரங்க உரிமையாளர் கிரகாம் தம் வாழ்க்கை நினைவுகளில் ஒரு செய்தி கூறுகிறார். நிகழ்ச்சி ஒன்று முடிந்து வந்த ஹென்ட்ரிக்ஸ் அவரிடம் கருத்துக் கேட்டார். அவையினர் மகிழ்ந்தனர் எனினும், வித்தைகள் காட்டியதில் வாசிப்பு மறந்துபோயிற்று என்று கிரகாம் வெளிப்படையாகக் கூறினார். சினமுற்ற ஹென்ட்ரிக்ஸ் அடுத்த நிகழ்ச்சியில் விரல்களன்றி உடல் அசையாது நின்று வாசித்தார். அதன் பின்னரே, தம்மால் இயலும் என்று காட்டியவராய், மீண்டும் மேடையேறி அவை விரும்பிய வித்தைகளையெல்லாம் செய்தார். இது கிரகாம் கூறும் வரலாறு. இசைத்தட்டில் உள்ள மெஷின் கன் பாடலை அவர் வாசிக்கும் கறுப்பு வெள்ளைப் படப்பதிவு ஒன்று உள்ளது. அதில் அவர் ஆர்ப்பாட்டம் எதுவுமின்றி, கண்மூடி, நின்ற இடத்திலேயே நின்று வாசிப்பதைக் காணலாம்.

பரணி அன்று, கையறுநிலை

மெஷின் கன் என்றால் இயந்திரத் துப்பாக்கி. இசைத்தட்டில் இது 12 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. அன்றைய சூழலை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1969 நவம்பரில் மை லாய் படுகொலைச் செய்தி வெளியாகி அமெரிக்காவை உலுக்கியிருந்தது. டிசம்பர் முதல் நாளில், போருக்குச் செல்லவேண்டிய இளைஞரைப் பிறந்தநாள்வழிக் குலுக்கலால் தெரிவு செய்யும் முறை தொடங்கியிருந்தது. டிசம்பர் 4ஆம் நாள் சிகாகோவில் கறுப்பின இளந்தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் காவலரின் குண்டுகளுக்கு இரையாகியிருந்தார். அவையில் இருந்த இளைஞர் பலருக்குத் தம் பிறந்தநாளுக்கு விழுந்த எண் மனத்தில் இருந்திருக்கும். ஹென்ட்ரிக்ஸ் அப்பாடலைச் சிகாகோ, மில்வாக்கி, நியூயார்க் நகரங்களில் போராடும் வீரர்களுக்கும், அவர்களை அடுத்து வியட்நாமில் போரிடும் வீரர்களுக்கும் உரியதாக்கி, மென்மையான குரலில் தொடங்கினார். உள்நாட்டுத் தெருவும் அயல்நாட்டுக் களமும் ஒரே போர்க்களமாயின.

பட்டி மைல்ஸின் டிரம், துப்பாக்கி சுடும் தாளத்தில் விட்டுவிட்டு அதிர்கிறது. காக்ஸின் தாழ்சுரம் ஏறத்தாழ ஒரே சுரநிலையில் நின்று, இறுதி ஊர்வலத்தின் நடைபோல் தொடர்கிறது. சொற்கள் மிகச் சிலவே. பாடுபவன் களத்தில் நிற்கும் வீரன். கொல்பவனும் அவனே, கொல்லப்படுபவனும் அவனே. பின்பு சொல் நின்று கிதார் தொடங்குகிறது. முதலில் எழுவது ஒரே ஒரு நீண்ட சுரம். ஒலிபெருக்கியின் ஓசை திரும்பிவந்து தந்தியை மீண்டும் அதிரச் செய்ய, அச்சுரம் மூச்சு முடியாத ஓலம்போல் நீள்கிறது. காலால் மிதித்து இயக்கும் கருவிகளின் துணையால் ஒலி கரகரக்கிறது, சுழல்கிறது, மேல்தாயி ஒலியோடு சேர்ந்து கீச்சிடுகிறது. வானூர்தி இறங்குவதும், குண்டு வெடிப்பதும், தாய் அழுவதும் எல்லாம் அந்த ஆறு தந்திகளிலிருந்தே கேட்கின்றன.

பகைவரை வென்ற களத்தைப் பாடுவது பரணி. வீழ்ந்தவனைக் கண்டு செயலற்று நின்று பாடுவது கையறுநிலை. இரண்டினையும் பாடிய மரபு நம்முடையது. ஹென்ட்ரிக்ஸ் பாடியது கையறுநிலையின் பாற்பட்டது. அம்மேடையில் நின்ற மூவருள் இருவர் 101ஆம் பிரிவில் பணியாற்றியவர்கள் என்பதை மறத்தல் ஆகாது. தம் பிரிவினர் மாண்டுகொண்டிருந்த களத்தை எண்ணியே அவர் விரல்கள் அழுதன என்று கொள்வதில் பிழையில்லை. அந்த 12 நிமிடங்களில் எரியும் கிதாருக்கு இடமே இல்லை. கிதாரை எரித்தபோது அவையோர் அவரைக் கண்டனர். எரிக்காமல் நின்றபோது போரைக் கண்டனர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் இப்பாடலைப் பெரிதும் போற்றினார்.

கலைந்த குழுவும் இறுதி நாள்களும்

1970 ஜனவரி 28ஆம் நாள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், வியட்நாம் போருக்கு எதிரான அமைதி விழாவில் இக்குழு மேடையேறியது. இரண்டு பாடல்களோடு ஹென்ட்ரிக்ஸ் வாசிப்பை நிறுத்திவிட்டார். அவர் உடல்நிலையும் மனநிலையும் இடந்தரவில்லை. மேலாளர் மைக்கேல் ஜெஃப்ரி, பட்டி மைல்ஸை அன்றே விலக்கினார். குழு முடிந்தது. இசைத்தட்டு அதன் பின்னர், மார்ச் 25ஆம் நாள் வெளிவந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது. ஹென்ட்ரிக்ஸுக்கோ அது நிறைவளிக்கவில்லை. கடன் இல்லாதிருந்தால் அதனை வெளியிட்டிருக்க மாட்டேன் என்னும் கருத்தை அவரே வெளிப்படுத்தினார். சில இடங்களில் சுருதி விலகியதும் அவர் செவிக்கு உறுத்தியது.

பிறர் கூடத்துக்கு வாடகை தரவேண்டாத வகையில், தமக்கெனவே எலெக்ட்ரிக் லேடி என்னும் பதிவுக்கூடத்தை நியூயார்க்கில் அவர் கட்டினார். 1970 ஆகஸ்ட் 26ஆம் நாள் அதன் திறப்பு விழா நடைபெற்றது. அங்கே பல திங்களாகப் பதிவு செய்துவந்த புதிய பாடல்கள் நிறைவுறாமல் இருந்தன. ஐரோப்பியப் பயணம் அழைத்தது. செப்டம்பர் 6ஆம் நாள் ஜெர்மனியின் ஃபெமார்ன் தீவில் வாசித்ததே இறுதி நிகழ்ச்சியாயிற்று. செப்டம்பர் 18ஆம் நாள் லண்டனில், தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்ட நிலையில், மூச்சடைத்து மறைந்தார். சியாட்டிலை அடுத்த ரென்டனில், வறுமையில் மறைந்த தாயார் புதைக்கப்பட்ட அதே இடுகாட்டில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

தம் விருப்பப்படி கட்டிய கூடத்தில், காலவரையறையின்றி அவர் செதுக்கிக்கொண்டிருந்த படைப்பு அவர் கையால் நிறைவு பெறவில்லை. வேண்டாவெறுப்பாய், கடனுக்கென, இரண்டே நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்துக் கொடுத்த இசைத்தட்டே அவர் வாழ்நாளில் வெளிவந்த இறுதி இசைத்தட்டாக நிலைத்தது. 1999இல் அந்நாள்களின் வேறு பதிவுகள் சில வெளிவந்தன. 2019இல் நான்கு நிகழ்ச்சிகளும் ஏறத்தாழ முழுமையாக வெளியிடப்பட்டன.

இதனைக் கொண்டு ஒரு டாலர் ஒப்பந்தத்தை வாழ்த்துதல் அறமாகாது. ஏழைக் கலைஞனின் பசியில் எழுதப்பட்ட ஒப்பந்தம் அநீதியே. ஆயின் படைப்புக் குறித்து அறியத்தக்கது ஒன்று இதில் உண்டு. திருத்தித் திருத்தி வெளியிடாமல் வைத்திருக்கும் கவிதை குறையற்றதாக இருக்கலாம். ஆனால் அது எவரையும் சென்று சேர்வதில்லை. ஒரு நாள் அதனைக் கைவிட்டு அவைக்கு ஒப்படைத்தே ஆகவேண்டும். சுருதி சற்று விலகியிருப்பினும், உண்மை விலகாதிருந்தால் அது நிற்கும். ஹென்ட்ரிக்ஸ் குறையென்று கருதிய அப்பதிவு, ஐம்பது ஆண்டுகள் கடந்தும் கேட்போரைக் கலங்கச் செய்கிறது.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காண்கிறது. இப்பத்தாண்டுகளில் நம் மேடையில் கைதட்டல் பெற்ற கவிதைகளும் உண்டு. கைதட்டல் இன்றி அமைதியில் முடிந்த கவிதைகளும் உண்டு. பழைய கவிதையைக் கேட்கும் உரிமை அவைக்கு உண்டு. புதியதைக் கேட்கும் பொறுமையும் அதற்கு வேண்டும். நம் கவிஞர்கள் அடுத்த கூட்டத்துக்கு இன்னும் செப்பமுறாத புதிய கவிதையொன்றைத் துணிந்து கொண்டுவரட்டும். அவர்கள் படிக்கும்போது, பழையதை விரும்பும் நாம் சற்றே அமைதியாக அமர்ந்திருப்போம்.